மணலில் படுத்த மாப்பிள்ளை

கூடாரம் வந்த அட்டைப்பெட்டியின் மேல் ஒரு குடும்பத்தின் படம் இருந்தது. அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள், பின்னால் ஓர் ஏரி. நால்வரும் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டு அப்பாவுக்கு மச்சான் கிடையாது போலிருக்கிறது.

எனக்கு உண்டு. ஏழுமலை என்று பெயர். என் மனைவி கௌரியின் அண்ணன். பழவேற்காட்டில், ஏரியைப் பார்த்த தோணிரேவு என்ற குப்பத்தில் இருக்கிறார். அவருடைய மகள் சத்யாவைப் பெண் பார்க்க ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வருகிறார்கள் என்று போனில் சொன்னார். "நீங்க ஒண்ணும் பேசவாணாம் மாப்ள. வந்து சபைல குந்தினா போதும். வூட்டு மாப்ள இருக்காருன்னா அதுக்கு ஒரு மரியாத." ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பதற்கு எனக்கு வந்த முதல் அழைப்பு அது. உடனே ஒப்புக்கொண்டேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இரண்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள் யாழினியும், இன்னும் எதிலும் ஒழுங்காகப் படிக்காத மகன் ஆதியும் ஏதோ வீடியோவில் பிள்ளைகள் கூடாரத்தில் தூங்குவதைப் பார்த்துவிட்டு ஒரு மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். ஏரி இருக்கிறது, மணல் இருக்கிறது, கூடாரத்தையும் போட்டுவிடுவோம், ஒரே பெட்ரோலில் இரண்டு காரியம் என்று முடிவு செய்தேன். கோயம்புத்தூரில் காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். வரப்போகும் ஆபத்தை முன்கூட்டியே மதிப்பிடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். இதை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

"அண்ணன் ஒரு மாதிரி நினைக்கும்" என்றாள் கௌரி.

"அதெல்லாம் அந்தக் காலம்" என்றேன். எந்தக் காலம் என்று அவளும் கேட்கவில்லை, எனக்கும் தெரியாது.

சனிக்கிழமை பிற்பகல் போய்ச் சேர்ந்தோம். பொன்னேரி தாண்டியதும் கௌரியின் தமிழ் மாறிவிடும். அதுவரை "என்னங்க" என்று கூப்பிட்டு வந்தவள், "இன்னா, கண்ணாடிய எறக்கு" என்பாள். எனக்கும் பூர்வீகம் காசிமேடுதான். தாத்தா கட்டுமரம் ஏறியவர், அப்பா ஆபீஸ் ஏறியவர், நான் படகில் ஏறினால் வாந்தி எடுப்பவன். மூன்று தலைமுறையில் ஒரு குலம் எவ்வளவு முன்னேற முடியும் என்பதற்கு என்னைக் காட்டலாம்.

ஏழுமலை தெருமுனையிலேயே நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை. "வாங்க மாப்ள, வாங்க." அவருடைய மனைவி தனம், "வாங்கண்ணா, கை கால் கழுவிட்டு ரூமுல போயி சாஞ்சிக்குங்க" என்றார். பிள்ளைகள் இரண்டும் அதற்குள் கூடாரப் பையை இழுத்துக்கொண்டு மணலுக்கு ஓடிவிட்டன. நானும் பின்னாலேயே ஓடினேன். வீட்டுக்கு உள்ளே கால் வைக்கவில்லை.

கடைசி வீட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே வலை காயப்போடும் திட்டு ஒன்று இருந்தது. பையைத் திறந்து வீசினால் கூடாரம் தானாக விரியும் என்று போட்டிருந்தது. விரிந்தது. மஞ்சளும் ஊதாவுமாக, அக்கரை வரைக்கும் தெரிகிற மாதிரி.

ஏழுமலை மெல்ல வந்து நின்றார். "இது இன்னா மாப்ள?"

"கூடாரம் மச்சான். ராத்திரி இதுலதான் படுக்கப்போறோம்."

"ஏன், உள்ள..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். துண்டை எடுத்துத் தோள் மாற்றிப் போட்டார். "சரி மாப்ள. உங்க இஷ்டம்."

அவர் ஒத்துக்கொண்டார் என்று நான் நினைத்தேன். மாப்பிள்ளையிடம் மறுத்துப் பேசும் வழக்கம் அந்தப் பக்கம் கிடையாது என்பது கல்யாணமான நாளிலிருந்து எனக்குத் தெரியும். தெரிந்ததைச் சமயத்தில் மறப்பதற்கும் ஒரு பயிற்சி வேண்டும்.

தனம் நண்டுக் குழம்பு வைத்திருந்தார். வாசனை மணல் வரைக்கும் வந்தது. ஆனால் கூடாரம் போட்டால் நாமே சமைத்துத் தின்ன வேண்டும் என்பது யாழினியின் சட்டம். "குழம்பு நாளைக்குப் பாத்துக்கலாம்மா" என்று தனத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு, சின்ன அடுப்பைப் பற்றவைத்து நூடுல்ஸ் கிண்டினேன். காற்று மணலை அள்ளி அதில் போட்டது. ஆதி, "அப்பா, மொறுமொறுன்னு இருக்கு" என்று பாராட்டினான். கௌரி மட்டும், "எனக்கு முதுகு புடிக்கும்" என்று அண்ணன் வீட்டுக்குள் படுக்கப் போய்விட்டாள்.

பொழுது சாயும் நேரம் தெருக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் ஓர் அம்மாள், கையில் தூக்குப்பாத்திரத்துடன். "துன்னியா நைனா?" என்று கேட்ட குரலில் ஏதோ ஈரம் இருந்தது. எறால் தொக்கு. அவர் போனதும் இன்னொருவர், வறுத்த மடவை மீனுடன். அடுத்து ஒரு பெண் சோறும் ரசமும் கொண்டுவந்து வைத்துவிட்டு, பிள்ளைகளின் தலையைத் தடவி, "பாவம், இதுங்க இன்னா பண்ணுச்சுங்க" என்று பெருமூச்சு விட்டுப் போனாள். நூடுல்ஸைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் வழித்துத் தின்றோம். கோயம்புத்தூரில் எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறப்பதே பார்சல் வாங்கத்தான். இங்கே பார், என்ன விருந்தோம்பல் என்று பிள்ளைகளுக்குப் பாடம்கூட எடுத்தேன்.

பக்கத்து வீட்டுக் கன்னியப்பன் வந்து மணலில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். என் வயதுதான் இருக்கும்.

"இன்னா மாப்ள, இங்க குந்திகினு கீறீங்க?"

"காத்து நல்லா இருக்குங்க."

"காத்தா..." ஏரிப் பக்கம் புகையை விட்டார். "வுடுங்க மாப்ள. வூடு இன்னிக்கி கீது, நாளிக்கி தண்ணி ஏறுச்சினா போச்சி. அண்ணன் தங்கச்சி ஒறவு அப்டியா?"

ஏரிக்கரையில் எல்லோரும் ஞானிகளாக இருக்கிறார்களே என்று வியந்தேன். ஞானத்தில் நானும் சளைத்தவனில்லை. "உண்மைதாங்க. கடைசியில மனுஷனுக்கு எவ்ளோ எடம் வேணும்? எனக்கு இந்த ஆறடி போதும்" என்று கூடாரத்தைக் காட்டினேன்.

கன்னியப்பன் பீடியை மணலில் குத்தி அணைத்தார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகை பட்டிருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

காலையில் எழுந்தபோது உடம்பில் மணல் இல்லாத இடம் இல்லை. அவசரம் வேறு. எனக்கு முட்டி முழுசாக மடங்காது. போன முறை வந்தபோது மச்சான் வீட்டில் கீழே குந்தும் கழிப்பறைதான். உள்ளே போன நான் சுவரைப் பிடித்துக்கொண்டு முனகியபடி வெளியே வந்தது ஊருக்கே தெரியும். அதனால் யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று காரை எடுத்துக்கொண்டு, உட்காரும் வசதியுள்ள இடம் தேடிப் பெட்ரோல் பங்க்குக்குப் போனேன். பல் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் தேய்ப்பதை நிறுத்திவிட்டு என் காரைப் பார்த்தார்கள். திரும்பி வரும்போது பின்சக்கரங்கள் தெருமுனை மணலில் அச்சு வரைக்கும் இறங்கிவிட்டன. காரை அப்படியே விட்டுவிட்டு நடந்தேன்.

கூடாரத்து வாசலில் சத்யா நின்றிருந்தாள். பழவேற்காடு பஜாரில் மருந்துக் கடை ஒன்றில் வேலை பார்க்கிற பெண். வினோத் என்ற பையன் தன் அம்மாவின் மூட்டுவலிக்குத் தைலம் வாங்க அந்தக் கடைக்கு வந்து, மறுபடி வந்து, ஓர் ஊருக்குப் போதுமான தைலம் வாங்கிய பிறகுதான் மூட்டுவலி அம்மாவுக்கு இல்லை என்று இவளுக்குப் புரிந்தது. அவன் லைட்ஹவுஸ் குப்பத்துக்காரன், காட்டுப்பள்ளி துறைமுகத்தில் வேலை. அந்தத் துறைமுகம் வேண்டாம் என்று வெயிலில் கொடி பிடித்து உட்கார்ந்தவர் ஏழுமலை. அவரை இவள் பேசிப் பேசிக் கரைத்து, இந்த ஞாயிற்றுக்கிழமைக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள். இதெல்லாம் கௌரி சொல்லி எனக்கு ஏற்கெனவே தெரியும்.

"மாமா, ஒண்ணு கேப்பேன், கோச்சிக்க மாட்டீங்களே?"

"கேளும்மா."

"எங்கப்பா உங்களுக்கு இன்னா பண்ணிச்சு?"

"மச்சானா? எனக்கா?"

"வினோத் அம்மா போன் பண்ணாங்க. இன்னிக்கி வரலியாம். 'கட்டிக் குடுத்த பொண்ணு புருஷனையே மணல்ல படுக்க வெச்சவங்க, எம்புள்ளைய எங்க படுக்க வெப்பாங்க'ன்னு கேக்கறாங்க."

"யாரு என்னைப் படுக்க வெச்சா? நானா படுத்தேன்!"

"ஊருக்கு அது தெரியுமா? எங்கம்மா வெச்ச கொழம்ப தொடலியாம். பக்கத்து வூட்டு எறால தொட்டீங்களாம். வூட்டுப் பங்குல சண்டையாம். கௌரி அத்த அண்ணன் பக்கமா உள்ள போயிடுச்சாம், நீங்க புள்ளைங்கள இட்டுனு வெளிய வந்துட்டீங்களாம். காத்தால காரை எடுத்துனு கோச்சிக்கினு பொறப்பட்டுட்டீங்களாம். கார் மணல்ல மாட்டிக்கிச்சாம், இல்லனா ஊருக்கே போயிருப்பீங்களாம்." மூச்சு வாங்கினாள். "எனக்கு ஆறடி எடம் போதும்னு சொன்னீங்களாமே?"

"நான் கக்கூஸ் தேடிப் போனேன்மா."

சத்யா என் முட்டியைப் பார்த்தாள். அவள் கோபம் கொஞ்சம் வழி தவறியது போலிருந்தது. "வூட்லதான் உங்களுக்குன்னு அப்பா புதுசா கட்டி வெச்சிகிறாரே மாமா. நாற்காலி மாறி குந்துறது. போன தபா நீங்க கஷ்டப்பட்டீங்கன்னு."

பெரியவர்களுக்குப் பூமி பிளந்து வழி விட்டதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். என் காருக்கு வழிவிட்ட அந்த மணல் எனக்கு விடவில்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நேற்றைய தூக்குப்பாத்திரங்களைப் பார்த்தேன். மூன்று வீட்டுப் பாத்திரங்கள். மாமியார் வீட்டில் சோறு கிடைக்காதவனுக்கு ஊர் பார்த்துப் போட்ட பிச்சை. அதை நக்கித் தின்றுவிட்டு விருந்தோம்பல் பற்றிப் பாடம் எடுத்திருக்கிறேன்.

ஏழுமலை வாசலில் உட்கார்ந்திருந்தார். விசேஷத்துக்குக் கட்டிய புது வேட்டியை அவிழ்த்துவிட்டுக் கைலிக்கு மாறியிருந்தார்.

"மச்சான்..." என்றேன்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல மாப்ள. அவங்களுக்கு ஏதோ வேலையாம். டீ குடிச்சீங்களா?"

ஒரு வசவு, ஒரே ஒரு வசவு வந்திருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்! டீதான் வந்தது. சர்க்கரை தூக்கலாக, எனக்குப் பிடித்த மாதிரி.

கூடாரத்தைச் சுருட்டப் போனேன். விரிய ஒரு விநாடி ஆன அது மடங்க மறுத்தது. ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் எழுந்து முகத்தில் அறைந்தது. அது ஒன்றுதான் அந்த ஊரில் அன்று என்னை அடித்தது. தனம் ஓடிவந்து, "இப்ப சுருட்டாதீங்கண்ணா, மாப்ள மூட்ட கட்டிட்டாருன்னு அதுக்கும் பேசுவாங்க" என்று அழாத குறையாகச் சொன்னார்.

கௌரி தனத்தின் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "கூடாரத்த அப்டியே தூக்கினு ஏறு. அவங்க வூட்டுக்கே போவலாம்."

"இதையா? விரிச்சபடியேவா?"

"மடிக்கத் தெரியலல்ல? ஏறு."

பிள்ளைகளைத் தனத்திடம் விட்டுவிட்டு ஏறினேன். பழவேற்காட்டிலிருந்து லைட்ஹவுஸ் குப்பம் போகப் பாலம் இருக்கிறது. பாலத்தின் மேல் காற்றும் இருக்கிறது. முன்னால் என் மனைவி வண்டி ஓட்ட, பின்னால் நான் மஞ்சளும் ஊதாவுமான ஒரு வீட்டைத் தலைக்கு மேல் பிடித்தபடி போனேன். காற்று அதற்குள் புகுந்து பாய்மரமாக்கியது. வண்டி ஒருபக்கமாகவே போயிற்று. "எறக்கிப் புடி!" என்று கௌரி கத்தினாள். இறக்கினால் அவளுக்கு வழி தெரியவில்லை, ஏற்றினால் நாங்கள் பறந்தோம். பாலத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர், "இன்னா சார், வூட்டயே தூக்கினு போறீங்க?" என்றார். பக்கத்திலிருந்தவர் அவரை அடக்கினார். "டேய், சும்மா இரு. அது நம்ம ஏழுமல மாப்ள. பாவம், பங்கு பிரிஞ்சி போறாரு."

வினோத்தின் அம்மா கஸ்தூரி வாசலில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தார். திறந்திருந்த கதவு வழியாக உள்ளே அலமாரி தெரிந்தது. ஒரு தட்டு முழுக்கத் தைல பாட்டில்கள், பல உறைகூடப் பிரிக்கப்படாமல். கௌரி தன்னைச் சொல்லிக்கொண்டதும் அந்த அம்மாள் எழுந்திருக்காமலே கூடாரத்தைப் பார்த்தார்.

"இதான் அதுவா?"

"இதாங்க" என்றேன். "எங்க ஊர் பக்கம் ஜனங்க லீவுல வீட்டை விட்டுட்டு வந்து இதுல படுப்பாங்க. ஒரு ஆசைக்கு."

"ஆசைக்கா?"

"ஆமாங்க. குழந்தைங்களுக்கு ஒரு அனுபவம்."

அவர் கையை நீட்டிக் கூடாரத் துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். "சுனாமி வந்தப்ப எங்கள இட்டுனு போயி இத்த மாறி துணிக்குள்ளதான் போட்டாங்க. வினோத்து அப்ப சின்ன புள்ள. மழ வந்தா உள்ள தண்ணி. வெய்யில் வந்தா ஆள வேவ வெச்சிரும். எப்படா நாலு செவுத்துக்குள்ள படுப்போம்னு இருந்துச்சி." என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீ செவுத்த உட்டுட்டு ஆசைக்குப் படுக்கறியா நைனா?"

அதில் குத்தல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். சொல்வதற்கு என்று எப்போதும் கைவசம் வைத்திருக்கும் வேடிக்கைகளைத் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. கருவாட்டின் மேல் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. அதை விரட்டினேன்.

கௌரிதான் பேசினாள். "அத்தே, எங்க அண்ணன் மேல இவருக்கு ஒரு கோவமும் கெடையாது. பங்குச் சண்டையும் கெடையாது. இவருக்கு வெவரம் பத்தாது, அவ்ளோதான்."

"இன்னா வேல செய்யறாரு?"

"இன்சூரன்சு ஆபீசரு."

"ஓ" என்றார் கஸ்தூரி, ஏதோ விளங்கியதுபோல. பிறகு என்னிடமே திரும்பினார். "மெய்யாலுமே சண்ட இல்லியே?"

"இல்லைங்க."

"வெவரம் பத்தாததுதான்?"

"அதேதாங்க" என்றேன். இருபத்தைந்து வருட உத்தியோகத்தில் இவ்வளவு சுருக்கமான, பிழையில்லாத அறிக்கை நான் கொடுத்ததில்லை.

அந்த அம்மாளின் வாயோரம் லேசாக அசைந்தது. "எம்புள்ளைக்கு அந்தப் பொண்ணுதான் வேணுமாம். எனக்கும் புடிக்கும். ஆனா நாளிக்கி ஒரு பேச்சு வந்துச்சினா அந்தப் பொண்ணுதான தல குனியணும்? அதான் வாணாம்னேன். வெய்யில் தாழ வர்றோம். நீ வூட்டுக்குள்ள இருக்கணும். நாலு பேரு கண்ணுல படற மாறி இருக்கணும்."

"இருக்கேங்க."

"இத்த இங்கியே உட்டுட்டுப் போ. உள்ள கருவாடு பரப்புனா ஈயும் வராது, காக்காவும் வராது."

கூடாரம் ஒருவழியாகப் பயனுள்ள வேலையில் சேர்ந்தது.

திரும்பி வந்து, தெருக்கதவை விரியத் திறந்து வைத்து, நடுக்கூடத்தில் சம்மணம் போட முடியாமல் கால் நீட்டி உட்கார்ந்து, நேற்றைய நண்டுக் குழம்பைத் தின்றேன். எப்படி இருந்தது என்று சொல்லக்கூட வெட்கமாக இருக்கிறது. அவ்வளவு நன்றாக இருந்தது. கன்னியப்பன் எட்டிப் பார்த்தார். "உள்ள வந்துட்டீங்களா மாப்ள? நான் சொன்னேன்ல, அண்ணன் தங்கச்சி ஒறவு அப்டி இல்லன்னு." தன் ஒரு பீடியில் முடிந்த சமாதானம் அது என்று அவர் இன்றுவரை நம்புகிறார். நானும் மறுக்கவில்லை.

பிறகு என்னை அறையில் படுக்க வைத்தார்கள். தெருவிலிருந்து பார்த்தால் கட்டில் தெரியும்படி திரையை ஒதுக்கிக் கட்டினார் தனம். சுவரில் புது பெயின்ட் வாசனை. மெத்தையின் ஓரத்தில் பிளாஸ்டிக் உறை இன்னும் முழுசாகக் கழற்றப்படவில்லை. பிள்ளைகளுக்கென்று பொம்மை போட்ட இரண்டு சின்னத் தலையணைகள். யாழினிக்கு முயல், ஆதிக்கு யானை. யாருக்கு எது பிடிக்கும் என்று கௌரியிடம் போனில் கேட்டிருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டேன். மூடிக்கொள்ள ஒரு காரணமும் வேண்டியிருந்தது. ஊர்ப் பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். "தூங்கறாரு." "உள்ளதான் தூங்கறாரு." கோயில் நடை திறந்தாற்போல ஒரு கூட்டம். சாமி மட்டும்தான் சரியில்லை.

லைட்ஹவுஸ் குப்பத்துக்காரர்கள் வந்த சத்தம் கேட்டது. எழுந்திருக்க வேண்டுமா, தூங்கிக்கொண்டிருக்க வேண்டுமா என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அப்படியே கிடந்தேன். கஸ்தூரியின் குரல் அறை வாசலுக்கு வந்தது. அப்போது ஒரு சின்ன விரல் என் இமையைத் தூக்கியது. யாழினி.

"அப்பா முழிச்சிட்டுதான் இருக்காங்க" என்று அறிவித்தாள்.

"தெரியும் கண்ணு" என்றார் கஸ்தூரி. "தூங்கறவன் கால் கட்ட வெரல ஆட்ட மாட்டான்."

வீடே சிரித்தது. சத்யாவின் சிரிப்பும் அதில் கேட்டது. நான் எழுந்து போய்ச் சபையில் உட்கார்ந்தேன், ஒன்றும் பேசாமல். எதற்காக என்னைக் கூப்பிட்டார்களோ அதைக் கடைசியில் செய்தேன். கஸ்தூரி சத்யாவின் தலையில் பூ வைத்தார். ஏழுமலை மறுபடி வேட்டிக்கு மாறியிருந்தார். துறைமுகத்துக்காரப் பையனுக்குத் தன் கையாலேயே காப்பி கொடுத்தார்.

எல்லோரும் போன பிறகு அவர் அறை வாசலில் வந்து நின்றார். நிலையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி கேட்டார்.

"ரூமு புடிச்சிருக்கா மாப்ள?"

நேற்று மத்தியானத்திலிருந்து இதைக் கேட்கத்தான் காத்திருந்திருக்கிறார்.

"ரொம்ப நல்லா இருக்கு மச்சான்."

"கலரு சத்யாதான் சொல்லுச்சி."

"நல்லா இருக்கு."

அறையோடு ஒட்டியிருந்த இன்னொரு கதவின் பக்கம் அவர் முகவாய் லேசாகத் திரும்பியது. வார்த்தையாகக் கேட்க அவருக்குக் கூச்சம். எனக்கு அப்போது எந்த அவசரமும் இல்லை. ஆனாலும் எழுந்தேன். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டு, அந்தப் புத்தம்புது நாற்காலியில் முட்டி நோகாமல் உட்கார்ந்தேன். வெளியே அவர் மெதுவாகத் தனத்திடம் சொல்வது கேட்டது. "போய்ட்டாரு."

உட்கார வேண்டிய நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தேன். பொத்தானை அழுத்தினேன். தெருக்கோடி வரைக்கும் கேட்கட்டும் என்று இன்னொரு முறையும் அழுத்தினேன்.